தோண்டுவதற்கு முன் ஒரு கடிதம்

போன மாதம் எங்கள் தெருமுனையில் மஞ்சள் நிறக் குழாய்ச் சுருள் ஒன்றை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஆள் உயரம் இருந்தது. தெருப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் நல்ல விளையாட்டு. இனிமேல் சமையல் வாயு குழாயிலேயே வீட்டுக்கு வந்துவிடும், சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்று எதிர்வீட்டுக்காரர் மகிழ்ச்சியாகச் சொன்னார். என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. "அது பத்திரமா?"

மனைவி கேட்கும் கேள்விக்கு உடனே பதில் சொல்லி மாட்டிக்கொள்வதில்லை என்பது கல்யாணமான நாளிலிருந்து என் கொள்கை. "படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். ஆனால் படிப்பதற்கு முன்பே ஓர் ஊரின் பெயர் நினைவுக்கு வந்துவிட்டது. பெல்ஜியத்தில் இருக்கும் கிலேங்கியேன்.

2004 ஜூலை 30, வெள்ளிக்கிழமை. அப்போது நான் பணியில்தான் இருந்தேன். பிரெஞ்சு மறந்துவிடக் கூடாதே என்பதற்காக மாலையில் தே வே சேங்க் செய்தி பார்க்கும் வழக்கம் உண்டு. பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சில் படித்துவிட்டு, கூடப் படித்தவர்கள் எல்லாம் கப்பலேறிப் போன பிறகு, இங்கேயே எழுத்தராகச் சேர்ந்தவனுக்கு அந்த அரைமணி நேரம்தான் மிச்சம். அன்றைக்குத் திரையில் வயல்வெளி நடுவே ஒரு தொழிற்பேட்டை எரிந்து கிடந்தது. கார்கள் கூடாக நின்றன. நிலத்தில் பெரிய பள்ளம். முதலில் ஏதோ குண்டு என்று நினைத்தேன். செய்தி வாசித்த பெண் "கன்துயித் த காஸ்" என்றாள். வாயுக் குழாய்.

கிலேங்கியேன் பிரெஞ்சு பேசும் எனோ மாகாணத்தில், ஆத் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கிராமம். வடகடல் கரையில் ஸேபுரூகே துறைமுகத்தில் இறங்கும் இயற்கை வாயுவைத் தெற்கே பிரெஞ்சு எல்லைவரை கொண்டுபோகும் பெருங்குழாய்கள் அந்தத் தொழிற்பேட்டையின் கீழே போகின்றன. அவற்றில் ஒன்று ஒரு மீட்டர் விட்டமுள்ளது. நம் ஊர்க் கிணற்று உறையை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த அகலம். உள்ளே வாயுவின் அழுத்தம் 70 பார் அளவில். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார், இரண்டேகால் பார். அதைப்போல் முப்பது மடங்கு அழுத்தம் மண்ணுக்கடியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலையில் வாயு கசிகிறது என்று தகவல் போயிற்று. ஆத் நகரத்துத் தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். ஆட்களை அப்புறப்படுத்தவும் இடத்தை வளைத்து நிறுத்தவும் முயன்றுகொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது குழாய் பிளந்தது. பதினோரு மீட்டர் நீளத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று பிய்ந்து நூறு மீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது. கிளம்பிய தீயின் சூடு, நெருப்பு தொடாத இடத்தில் நின்றவர்களையும் பொசுக்கியது. இறந்தவர்கள் 24 பேர். காயம் பட்டவர்கள் 132 பேர். இறந்தவர்களில் ஐந்து பேர் அந்தத் தீயணைப்பு வீரர்கள், ஒருவர் காவலர். சிறிய ஊரின் தீயணைப்பு நிலையத்தில் ஒரே காலையில் ஐந்து பேர் இல்லை என்றால் அந்த ஊர் எப்படி இருந்திருக்கும்!

இதெல்லாம் எப்படி நடந்தது? இங்கேதான் எனக்கு, ஓர் எழுத்தனுக்கு, கதை சுவாரசியமாகிறது. சுவாரசியம் என்பது சரியான சொல் இல்லை. உறுத்தலாகிறது.

குழாய்க்கு வயது ஆகிவிடவில்லை. பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுதான். இரும்பு மட்டமானதும் இல்லை. அந்த இடத்தில் ஒரு தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். தரையைக் கெட்டிப்படுத்தும் வேலை நடந்தது. வெடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ஏதோ ஒரு கனரக இயந்திரத்தின் பற்கள் குழாயின் மேல்தோலைக் கீறிவிட்டுப் போயிருக்கின்றன. உடனே ஒன்றும் ஆகவில்லை. மேலே மண் மூடிக்கொண்டது. பிறகு குழாயில் அழுத்தம் கூட்டப்பட்டபோது, கீறல் விழுந்து மெலிந்திருந்த அந்த இடம் தாங்கவில்லை.

கீறியவர் தெரிந்து கீறினாரா, தெரியாமலா, குழாய் அங்கே எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று யார் யாருக்குச் சொன்னார்கள், யார் கேட்டார்கள், வேலைத் திட்டம் மாறியபோது யாருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டது என்றெல்லாம் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 2010-ல் தூர்ணே நீதிமன்றம் பெரும்பாலோரை விடுவித்தது. 2011-ல் மோன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, குழாய் நிறுவனம் உட்படப் பலர் மேல் தவறு என்றது. அந்தச் செய்திகளைப் பிரெஞ்சில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது, இது இரும்பு உடைந்த கதையே அல்ல, ஒரு கோப்பின் கதை.

பொறியாளர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் இந்தக் குழாய்களுக்காக இருநூறு ஆண்டுப் படிப்பைச் செலவழித்திருக்கிறார்கள். இரும்பை மண்ணில் புதைத்தால் துருப்பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும். அதற்குத் தாரோ பிளாஸ்டிக்கோ பூசுவார்கள், அதுவும் தெரியும். அதற்கு மேலே ஒன்று உண்டு. 1824-ல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கப்பலின் அடியில் அடித்த செப்புத் தகடு கடல்நீரில் அரிக்காமல் இருக்க, அதோடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டு ஒன்றைச் சேர்த்து வைத்தால் போதும் என்று கண்டுபிடித்தார். அரிப்பு வந்தால் அந்தத் துண்டைத்தான் முதலில் தின்னும், செம்பு பிழைத்துக்கொள்ளும். வீட்டில் மூத்தவன் எல்லா ஏச்சையும் வாங்கிக்கொள்வதால் சின்னவன் தப்பிப்பது போல. நூறு ஆண்டு கழித்து, 1928-ல் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் ராபர்ட் கூன் என்பவர் இதே தத்துவத்தை மின்சாரத்தைக் கொண்டு வாயுக் குழாய்க்குச் செய்து பார்த்தார். இன்றைக்கு உலகத்தில் புதைந்திருக்கும் பெருங்குழாய் எல்லாவற்றுக்கும் சிறிதளவு மின்சாரம் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. வயல் ஓரத்தில் எண் எழுதிய சிறு கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சில, அந்த மின்சாரம் சரியாக இருக்கிறதா என்று ஆள் வந்து அளந்து பார்ப்பதற்கானவை.

குழாய்க்கு உள்ளேயும் ஆள் அனுப்புகிறார்கள். ஆள் என்றால் கருவி. வாயுவின் வேகத்திலேயே உள்ளே தள்ளிக்கொண்டு போகும் நீண்ட இயந்திரம். காந்தத்தால் இரும்புச் சுவரைத் தடவிக்கொண்டே போய், எந்த இடத்தில் சுவர் மெலிந்திருக்கிறது, எங்கே பள்ளம், எங்கே கீறல் என்று பதிவு செய்து அடுத்த நிலையத்தில் வெளியே வரும். ஆங்கிலத்தில் அதற்கு 'பிக்' என்று பெயர், பன்றி. ஏன் பன்றி என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'பிஸ்தோன்' என்கிறார்கள். எங்கள் தலைமுறைப் புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் சிரிப்பு வரும். பேச்சு வழக்கில் பிஸ்தோன் என்றால் சிபாரிசு. மேலே ஆள் இருந்தால் வேலை நடக்கும் என்பதற்கு "அவனுக்குப் பிஸ்தோன் இருக்கு" என்போம். எனக்கு இருந்ததில்லை, அதனால்தான் கடைசிவரை எழுத்தர்.

ஆனால் பாருங்கள், அந்தக் கருவியைத் தினமும் அனுப்ப முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஓட்டுவார்கள். நேற்று விழுந்த கீறல் அதற்குத் தெரியாது. கிலேங்கியேனில் விழுந்த கீறலுக்கு வயது சில வாரம். அந்தச் சில வாரத்துக்கு எந்தப் பொறியாளரும் காவல் இல்லை. இயந்திரம் ஓட்டியவர், அவருக்கு மேஸ்திரி, அவருக்குக் காண்டிராக்டர், அவருக்கு ஒரு கடிதம். இவ்வளவுதான் இருந்தது நடுவில்.

என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை எழுதியதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஓர் அலுவலகத்தில் இளநிலை எழுத்தன். சாலையை வெட்ட அனுமதி கேட்டு வரும் மனுக்கள் என் மேசைக்கு வரும். தொலைபேசிக்காரர்கள் கேட்பார்கள், மின்சாரக்காரர்கள் கேட்பார்கள், வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பு வாங்குகிறவர்கள் கேட்பார்கள். கட்டணம் கட்டிய ரசீது இருக்கிறதா, எத்தனை மீட்டர், யார் திரும்ப மூடித் தருவது என்று பார்த்துக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது என் வேலை. குறிப்பின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: கீழே வேறு தடங்கள் எதற்கும் பாதிப்பு இல்லை என்று சரிபார்க்கப்பட்டது. அதற்கு ஒரு ரப்பர் முத்திரையே இருந்தது.

சரிபார்ப்பதற்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வரைபடம். பிரெஞ்சுக்காரர் காலத்தது. துணி ஒட்டிய காகிதம், மடிப்பில் எல்லாம் கிழிந்திருக்கும். முத்திரைப்பாளையத்திலிருந்து ஊருக்குள் வரும் தண்ணீர்க் குழாய்கள் அதில் நீலக் கோடாக இருக்கும். ஓரத்தில் 'கன்துயித் ஆன் ஃபோன்த்' என்று எழுதியிருக்கும், வார்ப்பிரும்புக் குழாய் என்று பொருள். அலுவலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் கோடு சொல்லும் இடத்தில் குழாய் இருக்காது. உண்மையில் குழாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் ஒரே ஒருவர், வயதான ஃபிட்டர். "அந்தப் பூவரச மரத்துக்கு மூணு அடி தள்ளி, தம்பி. அங்கிருந்து கோயில் மதில் பக்கமா திரும்பும்" என்பார். சொன்ன இடத்தில் இருக்கும். எழுதி வைக்கலாமே என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றார், அடுத்த ஆண்டே இறந்தும் போனார். பூவரச மரத்தையும் வெட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மனுவில் வழக்கம்போல் முத்திரையைக் குத்தி அனுப்பினேன். வெட்டியவர்கள் கடப்பாறையைப் போட்டது நேராகத் தண்ணீர்க் குழாய் மேல். தெரு முழுக்கக் குளம். மூன்று தெருவுக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. சூப்பிரண்டு கூப்பிட்டு, "யார்யா சரிபார்த்தது?" என்று கேட்டார். கோப்பில் என் சுருக்கொப்பம் இருந்தது. நான் வரைபடத்தைக் காட்டினேன். வரைபடத்தின்படி தவறு இல்லை என்று கோப்பு மூடப்பட்டது. எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை.

அது தண்ணீர். சேறு காய்ந்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். கிலேங்கியேன் செய்தியைப் பார்த்த அன்றிரவு எனக்கு அந்த முத்திரைதான் கண் முன்னால் நின்றது.

பிரான்சிலும் இதற்கு ஒரு முறை இருந்தது. 1991 அக்டோபர் 14 தேதியிட்ட ஓர் ஆணையின்படி, தோண்டப் போகிறவர் முதலில் அந்த ஊர் மேரிக்குப் போக வேண்டும். மேரி என்றால் நம் கடற்கரைச் சாலையில் இருக்கிறதே, அது போன்ற நகரமன்றம். இந்த ஊரில் நிலத்துக்கடியில் யார் யார் குழாய், கம்பி போட்டிருக்கிறார்கள் என்ற முகவரிப் பட்டியல் அங்கே இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் படிவம் எழுதிப் போட வேண்டும். என் மைத்துனர் மகன் அங்கே ஒரு சிறிய ஊரின் மேரியில் வேலை செய்கிறான். விடுமுறைக்கு வந்தபோது கேட்டேன். "மாமா, தடியா ஒரு ஃபைல் இருக்கும். யாராவது வந்து கேட்டா எடுத்துக் காட்டுவோம். அதுல இருக்கிற கம்பெனி பாதி மூடியே போயிருக்கும்" என்றான். கேட்டதும் சொந்த ஊருக்கு வந்தது போல் இருந்தது எனக்கு.

2008 பிப்ரவரி 28 அன்று லியோன் நகரத்தில், கூர் லஃபாயேத் என்ற பெரிய வீதியில், தோண்டும் இயந்திரம் ஒன்று வாயுக் குழாயைக் கிழித்தது. இங்கேயும் கசிவு என்று கேட்டு வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார், சுமார் நாற்பது பேருக்குக் காயம். இது போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் பிரான்சில் அந்தத் தடி ஃபைலை மூடிவிட்டு நாடு முழுவதற்கும் ஒரே கணினிச் சன்னல் வைத்தார்கள். 2012 ஜூலையிலிருந்து அதுதான் கட்டாயம். எங்கே தோண்டப் போகிறோம் என்று கணினியில் வரைந்து காட்டினால், அங்கே யாருடைய தடங்கள் போகின்றன என்று அது சொல்லிவிடும். அவர்கள் குறித்த நாளுக்குள் பதில் எழுதியாக வேண்டும். பெல்ஜியத்திலும் கிலேங்கியேனுக்குப் பிறகு இதே போன்ற ஏற்பாடு ஒன்று வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பிரான்சில் ஒவ்வொரு வரைபடத்துக்கும் அது எவ்வளவு நம்பத்தக்கது என்று ஒரு வகுப்பு போட்டிருக்க வேண்டும். ஏ வகுப்பு என்றால், வளையாத குழாயானால் கோட்டுக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம் 40 சென்டிமீட்டருக்குள். பி என்றால் ஒன்றரை மீட்டர்வரை இருக்கலாம். சி என்றால் அதற்கு மேல், அல்லது வரைபடத்தை வைத்திருப்பவருக்கே தெரியாது. தெரியாது என்பதை அரசாங்கத் தாளில் எழுத ஒரு கட்டம் கொடுத்திருக்கிறார்கள்! என் காலத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் நான் அந்தத் துணி வரைபடத்தின் மேல் பெரிதாக 'சி' போட்டிருப்பேன். எங்களுக்கு இருந்தது 'சரிபார்க்கப்பட்டது' மட்டும்தான். 2018-லிருந்து அங்கே இயந்திரம் ஓட்டுபவரும், அவரை மேற்பார்வை செய்பவரும் இதற்கென ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும்.

வாசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மனைவியின் நம்பிக்கை முழுவதும் அதில்தான் இருக்கிறது. "கசிஞ்சா நாறுமே" என்கிறாள். நாறும். ஆனால் அது வாயுவின் சொந்த நாற்றம் இல்லை. இயற்கை வாயு என்பது பெரும்பாலும் மீத்தேன், அதற்கு மணமே கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், தரைக்கு அடியில் தெரியாமல் தேங்கிய வாயு, ஒரு மின் இயந்திரத்தின் பொறியில் வெடித்தது. சுமார் 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள். எண்ணெய் வயல் நிறைந்த பணக்கார ஊர் அது. அப்படியிருந்தும் பணம் மிச்சம் பிடிக்க, காசு கொடுத்து வாங்கிய வாயுவை நிறுத்திவிட்டு, எண்ணெய் வயலின் கழிவு வாயுக் குழாயில் இணைப்பு எடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் பலரும் செய்ததுதான். முறையான அனுமதிக் கடிதம் எதுவும் இல்லை, பார்த்தும் பார்க்காதது போல் விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் டெக்சாஸில் வாயுவோடு நாற்றப்பொருள் சேர்க்கச் சட்டம் வந்தது, மற்ற இடங்களுக்கும் பரவியது.

ஆனால் எல்லாக் குழாயிலும் சேர்ப்பதில்லை. பிரான்சில் பெருங்குழாயிலேயே சேர்த்துவிடுகிறார்கள். பெல்ஜியம், ஜெர்மனி போன்ற நாடுகளில் ஊருக்குள் வீட்டுக்குப் பிரியும் இடத்தில்தான் சேர்ப்பார்கள். அதனால் ஒரு நாட்டின் வாயுவைப் பக்கத்து நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதிலேயே பொறியாளர்களுக்குத் தலைவலி. நாற்றத்துக்கு விசா வேண்டும் போலிருக்கிறது. இன்னொன்று, சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தவழும். குழாய் வாயு காற்றைவிட லேசு, மேலே போகும். சமையலறையின் உயரத்தில் ஒரு காற்றுத் துவாரம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நாங்கள் அதை எலி வருகிறதென்று அட்டை வைத்து அடைத்திருந்தோம். எடுத்துவிட்டேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். எங்கள் அலுவலக நண்பர்களுக்கு ஏனாம் மாற்றல் என்றால் என்னவென்று தெரியும். நானும் மூன்று ஆண்டு அங்கே இருந்தேன். அதைச் சுற்றி உள்ள கோனசீமா முழுக்கத் தென்னந்தோப்பு, வாய்க்கால், நடுநடுவே எண்ணெய் எரிவாயுக் கிணறுகள். தோப்புகளுக்கு அடியில் குழாய்கள் போகும். 2014 ஜூன் 27 விடியற்காலையில், அந்தப் பகுதியில் தாட்டிபாக்கவுக்குப் பக்கத்திலுள்ள நகரம் என்ற கிராமத்தில் (ஊரின் பெயரே நகரம்தான்), கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய் கசிந்து பற்றிக்கொண்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள், டீக்கடைக்கு எழுந்து வந்தவர்கள் என்று 20 பேருக்கு மேல் இறந்தார்கள். தென்னை மரங்கள் கரிக்கட்டையாக நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு அந்தத் தோப்பின் ஈர வாசனை நினைவுக்கு வந்தது.

அங்கே யாரும் மேலிருந்து கீறவில்லை. உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈரமுள்ள வாயு ஓடியிருக்கிறது. ஈரம் அடியில் தேங்கி உள்ளிருந்தே இரும்பைத் தின்றிருக்கிறது. விசாரணையில் வந்தது இது. இது பொறியியல் சங்கதி, எனக்கு அதற்கு மேல் பேசத் தகுதியில்லை. ஆனால் கசிகிறது, நாறுகிறது என்று முன்பே சொன்னோம் என்று ஊர்க்காரர்கள் சொன்னதைப் பத்திரிகைகள் எழுதின. யாரிடம் சொன்னார்கள்? அதற்கு ஒரு வரவு எண் போட்டார்களா? எந்த மேசையில் அது இருந்தது? நாற்பது ஆண்டு இந்த வேலையைப் பார்த்தவனுக்கு இந்தக் கேள்விதான் வருகிறது, என்ன செய்வது.

நம் நாட்டில் சட்டம் 1962-லேயே இருக்கிறது. பெட்ரோலியக் குழாய்க்காக அரசு நிலத்தை வாங்கிவிடாது, அதன் அடியில் குழாய் போடும் உபயோக உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளும். நிலம் உங்களுடையது. உழலாம், நெல் போடலாம். வீடு கட்டக் கூடாது, கிணறு குளம் வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. காரைக்கால் பக்கத்து விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' என்று ஒரு கைபேசிச் செயலியை மத்திய அரசு கொண்டுவந்தது. தோண்டுவதற்கு முன் கேள் என்று பொருள். பிரான்சின் கணினிச் சன்னல் போன்றதுதான். அதைத் தோண்டுகிறவர் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் குறை.

எங்கள் தெருவில் போன வாரம் வேலை தொடங்கிவிட்டது. வேடிக்கை பார்க்கிற கிழவன் என்ற உரிமையில் போய் நின்றேன். மேற்பார்வையாளர் சின்னப் பையன், கடலூர்ப் பக்கம். "இந்த இடத்துல பழைய தண்ணி லைன் ஒண்ணு போகுது தம்பி, தெரியுமா?" என்றேன்.

கைபேசியைத் தடவிப் பார்த்தான். "மேப்புல ஒண்ணும் காட்டலையே, தாத்தா."

"மேப்புல இருக்காது. முன்னாடி இங்க ஒரு பூவரச மரம் இருந்தது. அதுக்கு மூணு அடி தள்ளி."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, இரண்டு ஆளை மண்வெட்டியோடு கூப்பிட்டான். மரம் எங்கே இருந்தது என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. கோயில் மதிலிலிருந்து அடி வைத்து எண்ணிக் காட்டினேன். அரைமணி நேரம் பதமாகக் கிளறினார்கள். நான் சொன்ன இடத்திலிருந்து நாலடி மேற்கே, கரேலென்று வார்ப்பிரும்பு தெரிந்தது. பையன் அதைப் படம் எடுத்து, கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டான். பெயிண்ட் டப்பாவை எடுத்து ரோட்டில் நீலக் கோடும் போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "படிச்சாச்சா? பத்திரமா?" வீட்டுக்குள் வரும் குழாயில் அழுத்தம் வெறும் 21 மில்லிபார்தான், டயர் கணக்கில் நூற்றில் ஒரு பங்கு என்றேன். அவசர எண் ஒன்று தந்திருக்கிறார்கள். நாள்காட்டியின் ஓரத்தில், பால்காரர் எண்ணுக்கும் டாக்டர் எண்ணுக்கும் நடுவில், கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.